மெழுகுச் சிலுவைக்குச் சொந்தக்காரன்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், ஞானத்தகப்பன் துத்வால், பதினொரு மீனவப் பெண்கள், அமெரிக்க ஓவியர் ஹாய்ட், ஆறு மாதக் கர்ப்பிணி குவெனோலா. அடக்கம் செய்யப்பட்டவன் அவள் கணவன் ஹெர்ரி. அவன் அப்போது நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிரோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

கடலில் உடல் கிடைக்காதவனுக்கு ஒரு சாண் மெழுகுச் சிலுவை செய்து, வெள்ளைத் துணியில் கிடத்தி, அழுது அடக்கம் செய்வது பிரான்ஸ் கரையோரத்து எங்கள் பிரெத்தோன் தீவின் முறை. ஹாய்ட் அதை வரைய வந்தார். அந்தக் கோடையில் யாரும் சாகவில்லை. பால்மாடு ஒன்று தருவதாகச் சொன்னதும் குவெனோலா கணவன் பெயரைக் கொடுத்தாள். சும்மா உட்கார்ந்தால் போதும் என்றுதான் பேச்சு. முகங்களில் துக்கம் போதவில்லை என்று ஓவியர் மூன்று நாள் முனகினார். நான்காம் நாள் சலித்துப்போன சாமியார் நிஜமான அடக்க ஜெபத்தையே சொல்லிவிட்டார். பெண்களும் நிஜமாக அழுதார்கள். படம் பாரிஸில் பதக்கம் வாங்கியது.

அக்டோபரில் ஹெர்ரி வந்து இறங்கினான். தோல் மஞ்சளாக, வழவழப்பாக இருந்தது. அடுப்பருகே உட்கார்ந்ததும் இடது கைச் சுண்டுவிரல் உருகித் தரையில் சொட்டியது. குவெனோலா கத்தியால் அதைச் சுரண்டி எடுத்தாள். சொன்ன ஜெபத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்றார் சாமியார். உச்சந்தலையில் திரி வைத்துக்கொள்ளச் சொல்லித் துறைமுகத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவனுடைய ஞானத்தகப்பன் துத்வால் மட்டும் கோபப்பட்டார்.

"ஒன்னப் பொதச்சு ஊரே சாப்பிட்டாச்சு மவனே. இப்ப வந்து நின்னா எம்மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

புருஷனை வீட்டில் வைத்துக்கொள்ள குவெனோலா அடுப்பை அணைத்தாள். இரண்டு மாதம் பச்சை மீனும் ஊறிய ரொட்டியும் தின்றார்கள். டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அதன் உதடு நீலமானது. அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கோயிலில் மெழுகுவர்த்திகள் எரிந்ததால் ஹெர்ரி வெளியே நின்றான்.

"அடுப்ப மூட்டணும்," என்றாள் திரும்பி வந்தவள்.

"மூட்டு. நான் வாசல்ல நிக்கிறேன்."

"வாசல்ல நின்னா உள்ள பாத்துக்கிட்டே இருப்ப. ஒனக்குன்னு ஒரு எடம் இருக்குல்ல."

மெழுகுச் சிலுவைகளை வைக்கும் கல்லறைக்கு இருவரும் நடந்தார்கள். சாவி அவளிடம் இருந்தது. அவன் குனிந்து உள்ளே போனான்.

"பிள்ளைக்குப் பேரு என்ன வச்சீங்க?"

"ஹெர்ரி."

"எம்பேரா?"

"செத்த அப்பன் பேரத்தான வைக்கணும்."

அவன் முறை தெரிந்தவன், தலையாட்டினான். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.