நடுவில் உட்காரும் ஜிம்மி

ஷைலாவின் தம்பி கல்யாணப் பந்தியில், சாம்பாரைக் கழுநீர் என்று எபநேசர் சொன்ன நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுவதில்லை. எல்லாப் பேச்சும் நாய் ஜிம்மி வழியாகத்தான். "ஜிம்மி, சோறு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அவள். "உப்புப் போட்டாளான்னு உங்கம்மாகிட்ட கேளு" என்பார் அவர்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க, கோவில்பட்டியிலிருந்து புதியம்புத்தூருக்கு மொபெட்டில் கிளம்பியபோதும் ஜிம்மி நடுவில்தான் உட்கார்ந்திருந்தது. எட்டயபுரம் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் வண்டி மெதுவானது. வடை வாசனைக்கு ஜிம்மி குதித்தே விட்டது. ஷைலா வாயைத் திறந்தாள். சொல்லிவிட நாய் இல்லையே என்று மூடிக்கொண்டாள்.

கரிசல் காட்டுக்கு நடுவே வெகுதூரம் போனபின் எபநேசர், "ஜிம்மி, உங்கம்மாவ நேரா உக்காரச் சொல்லு" என்றபடி திரும்பிப் பார்த்தார்.

"நாய எங்கட்டி?"

"டீக்கடையிலயே எறங்கிருச்சு."

"சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"உங்க வாயில எந்தம்பி வீட்டுச் சோறு இருந்துச்சே. அதத் தின்னுக்கிட்டேதான ஏசுனீய."

வண்டியைத் திருப்பினார். டீக்கடை வரும்வரை இருவரும் மாறி மாறி ஏசினார்கள். ஷைலாவுக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

வடைத் தாளை நக்கிக்கொண்டிருந்த ஜிம்மி, வாலை ஆட்டியபடி வந்து நடுவில் ஏறியது. எபநேசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஜிம்மி, கெட்டியாப் பிடிச்சிக்கிடச் சொல்லு உங்கம்மாவ."

ஷைலா நாயின் காதைத் திருகினாள். "எதுக்குலே திரும்பக் கெடச்ச, சனியனே?"