கடைசி வரிசைக்கு விழுந்த அடி

அடி விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. கேட்கவே இல்லை என்று பிற்பாடு மனைவியிடம் சாதித்தான் பாருங்கள், அது பச்சைப் பொய். இரும்புக் கம்பி விரல் எலும்பில் இறங்கினால் எப்படிச் சத்தம் வரும் என்று அவனுக்குத் தெரியாதா? மாணவனாக இருந்த காலத்தில் அதே மனுஷனிடம் எத்தனை வாங்கியிருக்கிறான்!

ஒல்லியும் உயரமுமாக இருந்ததால் பல்கலைக்கழகம் முழுக்க அவனுக்கு நெட்டை என்றே பெயர். இசைத்துறையில் வயலின் விரிவுரையாளர். அன்று மாலை, துறையின் மூத்த பேராசிரியருக்குக் கலைத்தொண்டுக்கான பாராட்டு விழா, மேடையில் பாராட்டு மடல் வாசிக்கிற பொறுப்பு நெட்டைக்கு. பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். தன்னைப் பாராட்டி வாசிக்கப்போகிற இசைக்குக் காலையில் தானே ஒத்திகை நடத்தினார் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம். இசைத்தாள் வைக்கிற ஸ்டாண்டின் மேல் கம்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பார். ஒவ்வொரு வயலின் பக்கமும் குனிந்து காதைக் கொடுப்பார். பிடிக்கவில்லையா, இடது கை விரலில் ஒன்று விழும்.

கடைசி வரிசையில் நெட்டையின் மகள் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் துறையிலேயே படிக்கச் சேர்ந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். கீச்சென்று ஒலிக்கிற மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் முழுக்கக் கடைசி வரிசைக்கு, மற்றவர்களுக்கெல்லாம் கீழ் ஸ்தாயி. கொஞ்ச வருஷமாகவே கடைசி வரிசையில் உட்கார்ந்தால் அடி நிச்சயம். "புதுசுங்க இல்ல, அதான் வாங்குதுங்க" என்று ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். நெட்டையும் கூடச் சேர்ந்து சிரித்தவன்தான்.

"எங்கடி சத்தம்? வாசிக்கிறியா, சும்மா வில்லை ஆட்டி ஏமாத்துறியா?"

"வாசிக்கிறேன் சார்."

"எதிர்த்து வேற பேசுறியா?"

அதன் பிறகுதான் அந்தச் சத்தம். ஒன்றில்லை, மூன்று. பாப்பாவின் வயலின் தரையில் மோதியது. "அம்மா!" என்று அவள் போட்ட அலறலில் முன்வரிசை முதல் நாற்காலியில் இருந்த நெட்டையின் முதுகு விறைத்துப்போனது. ஆனால் அவன் வில் நிற்கவில்லை. பெரியவர் சொல்லாமல் யாரும் நிறுத்தக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். பாழாய்ப்போன சட்டம்! பெற்ற பெண் பின்னால் கதறுகிறாள், இந்த மகானுபாவன் தாளம் தப்பாமல் கடைசிவரை வாசித்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மகள் கையை அவளே படம் எடுத்தாள், அவளே விளக்குப் பலகையில் மாட்டினாள். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்திருந்தன. மாவுக்கட்டுப் போட டாக்டர் பாப்பாவை அழைத்துக்கொண்டு போனதும் அவள் அறைக்கதவைச் சாத்தினாள்.

"அடிக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"முன்னாடி. எனக்குக் கேக்கல."

"கேக்கலையா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அவ நடுவுல ஸ்வரத்தை விட்டிருப்பா. இல்லன்னா அவர் அடிக்கமாட்டார். அவர் காது தப்பாதுடி. அத்தனை பேர் சேர்ந்து வாசிச்சாலும் யார் விட்டதுன்னு கரெக்டா சொல்லுவார்."

எக்ஸ்ரே எடுக்கும்போது போட்டுக்கொள்கிற ஈய அங்கி ஆணியில் தொங்கியது. மூட்டைக் கனம் கனக்கும். அதை அப்படியே உருவி அவன் மார்பில் வீசினாள். பின்னந்தலை சுவரில் மடாரென்று மோதியது.

"போங்க. போய் உங்க தெய்வத்துக்குப் பாராட்டு மடல் வாசிங்க. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க, நானே ஏதாவது பண்ணிடுவேன்."

தலையைத் தடவிக்கொண்டே அவன் பஸ் ஏறினான். வழி நெடுக மனசுக்குள் ஒன்றே ஒன்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பெரியவர் பாப்பாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'அதிகமா அடிச்சிட்டேம்மா' என்று சொல்லவேண்டும். சொல்ல வைத்துவிட்டால் வீட்டுக்குள் தலை நிமிர்ந்து போகலாம். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன அப்பன்?

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பெரியவர் கண்ணாடி முன் நின்று கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பாப்பாவுக்கு ரெண்டு விரல் முறிஞ்சிடுச்சு."

"உன் கையும்தான்டா பூசணிக்கா மாதிரி வீங்குச்சு. இப்ப மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறியா இல்லையா?"

"அவளுக்கு ஒரு வார்த்தை நீங்க..."

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. செல்லமாகத் தட்டியதாக அவர் நினைத்திருக்கலாம், கம்மல் போட்டிருந்தால் தெறித்திருக்கும். "மடலை எடுத்து வை, போ" என்றார். கன்னம் எரிய எரிய இவன் மடலை எடுத்துக்கொண்டு போனான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. துணைவேந்தர் பெரியவர் கழுத்தில் பதக்கம் மாட்டினார். பித்தளைத் தகடு பதித்த கனமான மரக் கேடயம் ஒன்று மேசைமேல் காத்திருந்தது. நெட்டை மைக் முன்னால் போய் நின்று, "ஆயிரமாயிரம் இளம் விரல்களுக்கு உயிர் கொடுத்த..." என்று ஆரம்பித்தான். உயிர் கொடுத்த என்ற இடத்தில் அவன் நாக்கு தடுக்கியது. அதே நேரம் பாழும் மைக் கீச்ச்ச் என்று அலறியது.

அப்பப்பா, மண்டைக்குள் ஊசி இறங்கின மாதிரி! அரங்கம் மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. துணைவேந்தர் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டார், முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீலென்று கத்தியது. பெரியவர் மட்டும் பதக்கத்தைத் தடவியபடி, அசையாமல் சபையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஏன் எல்லோரும் காதைப் பொத்துகிறார்கள் என்று ஒரு நொடி முழித்தார். பிறகு தானும் கையைக் கொண்டுபோய்க் காதில் வைத்துக்கொண்டார். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

நெட்டைக்குக் கடைசி வரிசையின் மேல் ஸ்தாயி சட்டென்று ஞாபகம் வந்தது. மைக்கை விட்டு விலகி அவர் பக்கம் போனான்.

"சார், இப்ப ஒரு சத்தம் வந்துச்சே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முணுமுணுத்தார். "மேல் ஸ்தாயி கேக்கிறதில்லடா. கொஞ்ச வருஷமாச்சு. வெளிய சொல்லித் தொலைக்காத, மானம் போயிடும்."

"தெரிஞ்சேதான் அடிச்சீங்களா?"

"அடிக்கலன்னா கண்டுபிடிச்சிடுவாங்களேடா!"

சட்டையைப் பிடித்திருந்த அவர் கை இடது கை. நெட்டை அதைப் பிடுங்கி மேசைமேல் அழுத்தினான். மற்ற கையால் கேடயத்தைத் தூக்கினான். கண் மண் தெரியவில்லை. ஓங்கிப் போட்டான். எலும்பு நொறுங்கியது அவன் பிடிக்குள் தெரிந்தது. மறுபடி போட்டான். மேசை விரிப்பில் ரத்தம் குபுக்கென்று பரவியது. பெரியவர் போட்ட கூச்சல் மைக் வழியே அரங்கம் பூராவும் எதிரொலித்தது.

"இந்த ஆளுக்குக் காது கேக்காது!" நெட்டை தொண்டை கிழியக் கத்தினான். "என் பொண்ணு சரியாத்தான் வாசிச்சா! கேட்டுக்குங்க எல்லாரும், சரியாத்தான் வாசிச்சா!"

காவலாளிகள் பாய்ந்தார்கள். யாரோ நாற்காலியால் அவன் முதுகில் அடித்தார்கள், யாரோ வாயில் குத்தினார்கள். கீழே விழுந்தவனை மிதித்தவர்களில் அவனிடமே படித்த பையன்களும் இருந்தார்கள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடி, சட்டை நார்நாராகித்தான் போலீஸ்காரர் கைக்கு வந்து சேர்ந்தான்.

தையல் போட அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வந்தார்கள். எக்ஸ்ரே அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் மனைவி பெரியவர் கையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் பாப்பா, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் நெட்டைக்கு வலியெல்லாம் மறந்துபோனது. கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம் மலர, போலீஸ்காரரையும் இழுத்துக்கொண்டே அவளிடம் ஓடினான்.

"பாப்பா, நீ விடவே இல்லம்மா! சரியாத்தான் வாசிச்சிருக்க. அந்தாளுக்குத்தான் காது போச்சு. ஊரே கேக்கச் சொல்லிட்டேன், அந்தாள் கையை உடைச்சும் போட்டுட்டேன்!"

பாப்பா அவன் கிழிந்த உதட்டைப் பார்த்தாள், சட்டையில் தெறித்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"நான் வாசிச்சது எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "நிஜமாவே விட்டிருந்தா?"

"என்னம்மா?"

"நான் நிஜமாவே தப்புப் பண்ணியிருந்தா, அந்த மடலை முழுசா வாசிச்சிட்டுத்தானே வீட்டுக்கு வந்திருப்பீங்க?"

போலீஸ்காரர்கூட அவன் முகத்தையே பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நெட்டை தரையைப் பார்த்தான். பாப்பா எழுந்து, அம்மா இருந்த அறைக் கதவைத் தட்டப் போனாள்.