சிலோவா நாட்டுக்கு நான்காவது வரி

1.

இந்தக் கதை மரக்காணம் பேருந்து நிலையத்தில் நான் சொன்ன ஒரு பொய்யில் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இப்ப என்ன எழுதிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை என்று ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை. "ஒரு தேசிய கீதத்தை எழுதினவரைப் பத்தி" என்றேன். எந்த நாடு என்றார். சிலோவா என்றேன். வரைபடத்தில் தேடாதீர்கள், அந்த நாட்டுக்கு அப்போது வயது இரண்டு நொடி.

சொன்ன பிறகு எழுதித்தானே ஆக வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: வெள்ளி மலைகளாய் உப்புக் குவியல்கள் மின்ன, கீழ்வானம் மெல்ல...

[வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: தமீம் அன்சாரிக்கு எழுபது வயது. இளம் வயதில் மரக்காணத்திலிருந்து சிலோவா தீவுக்கு உப்பள மேஸ்திரியாகப் போனார். தீவு விடுதலை அடைந்தபோது தேசிய கீதத்துக்குப் போட்டி வைத்தார்கள். தமிழிலும் எழுதலாம் என்றார்கள்.* தமீம் நான்கு வரி எழுதி அனுப்பினார். நான்காவது வரி: "மழையே, எங்கள் பக்கம் வராதே."

உப்பளக்காரர் வேறு எதை வேண்டுவார்? வாரிக் குவித்த உப்பு ஒரு மழையில் கரைந்துவிடும். அன்றைக்குத் தீவு முழுக்க உப்பை நம்பித்தான் சாப்பிட்டது. முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

*ஏன் தமிழில் என்று கேட்காதீர்கள். நாட்டை உருவாக்கியவன் நான், ஆட்சிமொழியும் என் இஷ்டம்.

3.

நாற்பது வருடம் ஓடிவிட்டது. சிலோவாவில் உப்பளங்களை மூடி மிளகாய் போட்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக மழை இல்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தினமும் எழுந்து நின்று மழையை வராதே என்று பாடுகிறார்கள். ஊர் திரும்பி அப்பாவின் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமீமுக்கு அந்த அரசாங்கம் மெயில் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரியை அவரே மாற்றித் தர வேண்டும். இல்லையென்றால் பாட்டும் போகும், அவர் பெயரும் போகும்.

இன்று வெள்ளிக்கிழமை.

"மழையே வான்னு எழுதிடுங்களேன், அவ்ளோதானே" என்கிறார் மனைவி மெஹரூன்னிசா.

"வெளியே நம்ம உப்பு தார்ப்பாய் போடாம கெடக்குது."

"பாட்டு அங்கதானே பாடுறாங்க."

"அல்லாகிட்ட கேக்குற துஆவுக்கு அட்ரஸ் எழுதி அனுப்ப முடியுமா?"

[இவர் பிடிவாதக்காரரா, பயந்தவரா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால், அவர்மேல் எனக்குப் பொறாமை. என் வரியை எழுந்து நின்று படித்தவர் இதுவரை யாருமில்லை.]

4.

முடிவு ஒன்று: எழுதிவிடுகிறார், சிலோவாவில் மழை கொட்டுகிறது. மெஹரூன்னிசா என் பக்கம் திரும்பினார். "பாட்டு எழுதினா மழை வந்துடுமா? சினிமாவாங்க எடுக்கிறீங்க?"

முடிவு இரண்டு: மறுத்துவிடுகிறார், பாட்டு போகிறது. தமீம் படித்துவிட்டு, "ஏங்க, என்னோடதுன்னு உலகத்துல இருக்கிறது அந்த நாலு வரிதான். அதையும் புடுங்கணுமா?" என்றார். எனக்குக் கஷ்டமாகிவிட்டது, அந்த முடிவைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: அந்த வரியை நானே எழுதித் தருகிறேன்.

"நீங்க எழுதினா உங்க பேருதானே வரும்" என்றார் தமீம்.

[பிடித்துவிட்டார்.]

5.

தமீம் பழைய மூன்று வரியை மெயிலில் தட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்:

கடல் எங்கள் வேலி
காற்று எங்கள் கூட்டாளி
உழைப்பவர் உள்ளங்கை எங்கள் கொடி
\_\_\_\_\_\_\_\_\_\_\_\_

மிச்சம் உங்களுடையது. பக்கத்துக் கிளியனூரில் நெல் போட்டவராக இருந்தால் ஒன்று எழுதுவீர்கள், மரக்காணத்தில் உப்பு வாரியவராக இருந்தால் வேறொன்று. எதை எழுதினாலும் யாரோ ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாது. தமீமுக்கு அது தெரியும், அதனால்தான் அவர் விரல் நகரவில்லை.

தேசிய கீதம் என்பதால் ஒரே ஒரு வேண்டுகோள். எழுதும்போது எழுந்து நில்லுங்கள்.