மூன்றாவது மாடி

கொதிக்கும் தண்ணீரின் மேல் வைத்த கிண்ணத்தில் சாக்லேட் உருகிக்கொண்டிருந்தது. சின்னவள் கையால் கிளறிக்கொண்டே காதை முன்னறையில் வைத்திருந்தாள். அங்கே அப்பாவின் மூச்சு திடீரென்று நிற்கும், பிறகு யோசித்து மறுபடி கிளம்பும். அது நிற்கும்போதெல்லாம் அவள் கரண்டியும் நின்றது. அப்படி நின்ற ஒரு நேரத்தில்தான் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தது. பளபளவென்று இருந்த சாக்லேட் சட்டென்று ஈரமண் மாதிரி திரண்டுகொண்டது.

"தண்ணி பட்டுருச்சா?"

அப்பாதான். நர்ஸ் போனதிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"ஆமாப்பா. வேற போடறேன்."

"கட்டி இன்னொண்ணு இருக்கா?"

"இருக்கு. நீங்க பேசாம படுத்துக்கங்க."

"படுத்துக்கிட்டுதானே இருக்கேன்."

காலையில் வந்த நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுகிற சாக்கில், "இன்னைக்கோ நாளைக்கோங்க. வாய்க்கு என்ன கேக்கறாரோ குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகுமுன் அவரிடமே என்ன வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அவர் கண்ணைத் திறக்காமல், "இன்னைக்கு சனிக்கிழமைதானே, மூணாவது மாடிக்குப் போலாம்" என்றார். மாடியே இல்லாத வீட்டில் அந்தப் பெண் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு பழைய ஓட்டலின் லிஃப்ட் மாதத்துக்கு இரண்டு தடவை இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோகும். அவர் போய் அதை இறக்கிவிடுவார். மூன்றாவது மாடியில் பார் இருந்தது. பார்காரர் தன் நன்றியைக் காட்ட, கெட்டிக் காப்பியும் உருக்கின சாக்லேட்டும் ரம்மும் கலந்து ஐஸ் போட்டு ஆட்டி ஒரு கிளாஸ் கொடுப்பார். கீழே போன் எடுக்கிற இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் கெட்டுப்போனதாக அவருக்கு போன் போடுவது அம்மாவின் வேலை. கெடாத நாளிலும் ஓரிரு முறை போன் போயிருக்கிறது என்பதை இரண்டு பேருமே பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டதில்லை.

சனிக்கிழமை சாயங்காலமானால் அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் வருவார். ஜாம் பாட்டிலில் எல்லாவற்றையும் ஊற்றி, மூடியை முறுக்கி, துண்டில் சுற்றி, தோளுக்கு மேல் தூக்கி ஆட்டுவார். "தரைத்தளம்... ஒண்ணு... ரெண்டு..." என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டே போய், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வேண்டுமென்றே நின்றுவிடுவார். அண்ணனும் அவளும் "ஐயோ, மாட்டிக்கிச்சு" என்று கத்த வேண்டும். அம்மா கரண்டியால் டம்ளரில் ஒரு தட்டுத் தட்டினால் லிஃப்ட் கிளம்பும். நுரை பொங்க இரண்டு கிளாஸ். ரம் ஊற்றுவதற்கு முன்பே அம்மாவுடையதைத் தனியே ஆட்டி எடுத்து வைத்துவிடுவார், அந்த வாசம் அவளுக்கு ஆகாது. மேலே காய் சீவுகிற கத்தியால் சாக்லேட்டைச் சுருள் சுருளாகச் சீவிப் போடுவார். பிள்ளைகளுக்கு லிஃப்டில் இடமில்லை, கிண்ணத்தை வழித்து நக்கிக்கொள்ளலாம். சின்னவளுக்கு உலகத்தில் வேறெந்தச் சாக்லேட்டும் பிறகு அவ்வளவு ருசித்ததில்லை.

இரண்டாவது கட்டி ஒழுங்காக உருகியது. கொஞ்சம் பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஆறின காப்பியை ஊற்றினாள். மேல் அலமாரியிலிருந்து ரம் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். வாசமே வரவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள்.

டீ. பால் இல்லாத வெறும் டீ.

பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். கையில் அப்பாவின் தலையணை உறை.

"நேத்து போட்டதுதான். பழசில்ல" என்றாள்.

"என்னம்மா இது?"

"மெதுவா பேசு." அம்மா கதவை ஒருக்களித்தாள். "அன்னைக்கு டாக்டர் சொன்னாரே, ஈரல் கெட்டுருக்கு, இனிமே ஒரு சொட்டு படக்கூடாதுன்னு. இவர் என்னடான்னா, சனிக்கிழமை மட்டும்தானே, அதைக் கணக்குல சேக்காதீங்கன்னு அவர்கிட்டயே பேரம் பேசறாரு. வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் தொட்டியில கொட்டிட்டேன். அன்னையிலேர்ந்து டீதான்."

"அது ஆச்சே பத்துப் பன்னெண்டு வருஷம்."

"ஆச்சு."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா விட்டு வெச்சிருப்பாரா?"

சின்னவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவள் லீவுக்கு வந்த எத்தனை சனிக்கிழமைகளில் அவர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, கண்ணைச் சொருகி, "ஏறுது" என்று சொல்லி, லிஃப்டில் பாதி வழியில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை ஊர்வலக் கதையை ஆரம்பித்திருக்கிறார். அத்தனையும் டீக்கு ஆடின ஆட்டமா.

"தெருமுனைக் கடையில கெடைக்கும். நான் போய் நிஜமாவே வாங்கிட்டு வரேன். கடைசி தடவைகூட டீயா குடுக்கறது?"

அம்மா உறையை நான்காக மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"நிஜத்தைக் குடிச்சா, இத்தனை நாளா குடிச்சது என்னன்னு தெரிஞ்சுபோயிடுமே. இவ நம்மள ஏமாத்திட்டாளேன்னு நெனைச்சுக்கிட்டே போயிடுவாருடி." கொஞ்சம் பொறுத்து, "உன் இஷ்டம்" என்றாள்.

இஷ்டம் என்று விட்டுவிட்டால் எப்படி. போகிற மனிதரை ஏமாற்றி அனுப்புவதா, இருக்கப்போகிறவளைக் காட்டிக்கொடுப்பதா. சின்னவள் பர்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஒரு வார்த்தை அவரிடமே கேட்டுவிடலாம், எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அப்பா பர்ஸைப் பார்த்தார். பின்னாலேயே வந்த அம்மாவைப் பார்த்தார்.

"கால் சில்லுன்னு இருக்கு. வெந்நீர்ல துண்டு நனைச்சு எடுத்துட்டு வாயேன்."

அம்மா போனாள். வெந்நீர் கொதிக்க நேரமாகும்.

"கடைக்கா?"

"இல்லப்பா, வந்து... அந்த பாட்டில் ரொம்ப நாளா தெறந்து கெடக்குது. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அதுல இருக்கறதையே ஊத்து." மூச்சு வாங்கிக்கொண்டார். "புதுசு வாசம் அடிக்கும். அவ கண்டுபிடிச்சிருவா."

"எதைப்பா?"

"எனக்குத் தெரியுங்கறதை."

சின்னவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத வாரமே. டீத்தூள் ஒண்ணு பல்லுல மாட்டுச்சு." அவர் உதடு ஓரமாக இழுபட்டது. அது சிரிப்பு. "அடுத்த வாரத்துலேர்ந்து நல்லா வடிகட்ட ஆரம்பிச்சுட்டா."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் தூங்கறேனான்னு வந்து எட்டிப் பாப்பா. பாத்துட்டுப் போய்தான் டீ போடுவா. நானும் தூங்குவேன்." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்காக ஒருத்தி அவ்ளோ பயந்து பயந்து ஒரு வேலை செய்யறா. அதைப் போய்க் கெடுப்பாங்களா? நீயும் சொல்லிடாத, பட்டாசு."

சின்ன வயதில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்பதால் அவர் வைத்த பெயர் அது. எந்த ரகசியமும் அவளிடம் ஒரு நாள் தாண்டியதில்லை.

"சொல்லமாட்டேன்ப்பா."

பர்ஸை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். ஜாம் பாட்டிலில் டீயை ஊற்றும்போது அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் போட்டு, மூடியை முறுக்கி, துண்டில் சுற்றி, பாட்டிலைக் கட்டிலருகே கொண்டுபோய் ஆட்டினாள். தரைத்தளம், ஒண்ணு, ரெண்டு. அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அப்பாவின் விரல் போர்வையின் மேல் உயர்ந்தது. நிறுத்தினாள். அம்மா ஸ்பூனை எடுத்துக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மூணு" என்றாள் சின்னவள்.

அம்மா அந்த ஸ்பூனாலேயே ஊட்டினாள். முதல் ஸ்பூன் பாதி மோவாயில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று. அப்பா அதை வெகுநேரம் வாயில் வைத்திருந்து விழுங்கினார்.

"ஏறுது" என்றார்.

"போதும், அதிகமாயிடும்" என்று அம்மா வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் துண்டை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

"ஐஸ் கம்மி" என்றார் அப்பா. அப்புறம் பேசவில்லை. வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது மூச்சு ஒரு முறை நின்றது. சின்னவள் அது கிளம்பக் காத்திருந்தாள். அம்மாவும் காத்திருந்தாள்.

அண்ணன் வந்தான், சொந்தக்காரர்கள் வந்தார்கள், கூட வேலை பார்த்த மெக்கானிக்குகள் கைகட்டி நின்றார்கள். ஆக வேண்டியதெல்லாம் ஆனது. ஒவ்வொருவராகக் கிளம்பிப்போக, வீட்டில் நாற்காலிகள்தான் அதிகமாகத் தெரிந்தன. அம்மா அழுதாள், ஆனால் அழுகைக்கு நடுவே அவள் எதையோ சொல்லாமல் மென்றுகொண்டிருந்தது சின்னவளுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது அது வெளியே வந்தது.

"கடைசி வரைக்கும் ஏமாத்திட்டேன்டி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, திட்டிட்டாவது போயிருப்பாரு."

சின்னவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கிவிடும். கூடவே, பயந்து பயந்து செய்த அத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவள் கையைவிட்டுப் போய்விடும். கழுவின ஜாம் பாட்டிலை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அவருக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சும்மா" என்றாள்.

"பிடிச்சிருந்துச்சுல்ல?"

"ரொம்ப."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முதுகைச் சாய்க்க வேறு இடம் தோன்றாமல், சின்னவள் அப்பாவின் கட்டிலில் போய்ப் படுத்தாள். போர்வையில் இன்னும் அவருடைய மருந்து வாசம் இருந்தது. தூக்கம் வரவில்லை. சமையலறையில் டீத்தூள் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் நின்றது. செருப்பில்லாத காலடி மெதுவாக முன்னறை வரைக்கும் வந்து வாசலில் நின்றது.

சின்னவள் கண்களை மூடிக்கொண்டாள். மூச்சை ஒரே சீராக விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் காலடி திரும்பிப் போயிற்று. அடுப்பு பற்றியது.