எடைக்கு எடை

நகரப் பேருந்து ஓட்டிய அவளுக்குத் தோள் இறுகிப்போய், ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பும்போதெல்லாம் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "கையைத் தலைக்கு மேல தூக்குற மாதிரி ஏதாவது செய்ங்க" என்றார் மருத்துவர். துணி காயப்போடச் சொல்கிறாராக்கும் என்று முதலில் நினைத்தாள். அந்த வாரம் பணிமனை அறிவிப்புப் பலகையில் பாறை ஏற்றப் பயிற்சி பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், எட்டு மாதமாகியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட விடவில்லை.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி. அறுபதடி உயரத்துக்கு நெட்டுக்குத்தான பாறை. சொல்லிக்கொடுத்தவர் வாரத்தில் ஆறு நாள் தபால்காரர். ஏழாம் நாள் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடப்பதால் அவரை எல்லோரும் பல்லி என்றே கூப்பிட்டார்கள், அவருக்கும் அதில் பெருமைதான். கூட வருகிறவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் உணவகச் சமையல்காரர், ஒரு பெண் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள். வேறெங்கேயும் ஒரே மேசையில் உட்கார வழியில்லாத கூட்டம்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, ஏன் வருகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பார்க்கிறேன். வாயே இல்லாத ஒண்ணைப் பார்த்தா நிம்மதியா இருக்கு" என்றார் பல் டாக்டர்.

தட்டச்சுக்காரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கோர்ட்ல ஆளாளுக்கு ஒரு உண்மை சொல்வாங்க. இங்க கால் நிக்குது, இல்ல வழுக்குது. அவ்வளவுதான்."

அவள் தன் காரணத்தைச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அறுபது பேரைச் சுமந்து வாரம் முழுக்க ஓட்டுகிறவளுக்குத் தன் ஒருத்தியின் எடையை மட்டும் தூக்குவது எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அண்ணி வந்து நின்றாள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணியை அவள் பார்த்து நான்கு வருடமாகிவிட்டது. அண்ணன் இறந்து பதினாலாவது மாதம் அண்ணி மறுமணம் செய்துகொண்டாள். செய்தி கேட்ட அன்று இவள் நேரே அவள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே, "அண்ணன் சட்டை இன்னும் அலமாரியில தொங்குது, அதுக்குள்ள இன்னொருத்தர் சட்டைக்கு இடம் பண்ணிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அதோடு போக்குவரத்து நின்றது. அண்ணன் மகளைக்கூடப் பார்க்கவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பல்லிக்கு இந்தக் கதையெல்லாம் எங்கே தெரியும்?

"புது ஆளு ரெண்டு மாசமா உள்ளரங்கச் சுவர்ல பழகியிருக்காங்க. நிஜப் பாறை இதுதான் முதல் தடவை. டிரைவரம்மா, உங்க எடைதான் அவங்களுக்குச் சரியா இருக்கும். நீங்க கயிறு பிடிங்க" என்றார்.

கயிறு பாறை உச்சியிலுள்ள இரும்பு வளையத்தில் நுழைந்து திரும்பி வரும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறுமுனை கீழே நிற்கிறவரின் இடுப்புப் பூட்டு வழியாக அவர் கையில். மேலே ஏற ஏறத் தளர்கிற கயிற்றைக் கீழே இருப்பவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தரையை விட்டுக் கிளம்புமுன் ஏறுகிறவர் "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டும், கீழே இருப்பவர் "பிடிச்சிருக்கு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பல்லி ஏற விடமாட்டார். "கல்யாணமாகி முப்பது வருஷத்துல என் வீட்டுக்காரி இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை" என்று பல் டாக்டர் வாராவாரம் சொல்லுவார்.

அண்ணி பாறையில் கைவைத்தபடி, திரும்பாமலே கேட்டாள். "பிடிச்சிருக்கா?"

இவள் கயிற்றை இறுக்கிக்கொண்டு சொன்னாள். "பிடிச்சிருக்கு."

நான்கு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

அண்ணி நன்றாகவே ஏறினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்துவிட்டு. மருந்துக்கடை அலமாரியில் எது எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே எடுக்கிற கை. அண்ணன் நோயில் படுத்துக் கிடந்த நாட்களில் அந்தக் கை மாத்திரையை எண்ணி எடுத்தது இவளுக்கு ஞாபகம் வந்தது. எட்டு மாதம் தூங்காமல் பார்த்துக்கொண்டவள். நாம் வாரத்துக்கு ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். அப்புறம் எந்த உரிமையில் அந்த வாசலில் போய் நின்றோம்?

யோசனை எங்கோ போயிருந்ததில் கையில் கயிறு தளர்ந்து தொங்கியதை அவள் பார்க்கவில்லை. அண்ணியின் கால் வழுக்கியது.

சரேலென்று ஓர் ஆள் உயரம் விழுந்தாள். கயிறு விறைத்து இவளைத் தரையிலிருந்து ஓரடி தூக்கிப் பாறையில் மோதவைத்தது. முட்டி தெறித்தது. ஆனால் கை கயிற்றை விடவில்லை. மேலே அண்ணி ஊசலாடிக்கொண்டிருந்தாள், முழங்கை சிராய்த்து ரத்தம் கசிய.

"இறக்கிடவா அண்ணி?" என்று கத்தினாள் இவள்.

"வேணாம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்."

பிறகு பாறையைத் தொட்டு, காலை ஊன்றி, மறுபடி ஏறினாள். இந்தத் தடவை இவள் கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உச்சி வளையத்தைத் தொட்டுவிட்டு அண்ணி இறங்கி வந்தபோது இருவருக்கும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"என் தப்பு. கயிறு தளர்ந்திருந்துச்சு. நான் கவனிக்கல" என்றாள் இவள்.

"தெரியும்."

"அன்னிக்கு வாசல்ல பேசினதும்…"

"அதுவும் தெரியும்." அண்ணி முழங்கையைத் துடைத்துக்கொண்டாள். "கடைக்கு வர்றவங்க என்னைப் பார்க்கிறப்பவே, இவ இன்னார் பொண்டாட்டியா இருந்தவ, இப்ப இன்னார் பொண்டாட்டின்னு கணக்குப் போடுறாங்க. மேல போனா எனக்கே அது மறந்துபோகுது. அடுத்த கால் எங்க வைக்கிறதுன்னு மட்டும்தான் இருக்கு. அதுக்காகத்தான் வரேன்."

இவள் தலையசைத்தாள். "பாப்பா எப்படி இருக்கா?" என்றாள்.

"பாப்பாவா? என் தோளுக்கு வளர்ந்துட்டா. அத்தை பஸ் எந்த ரூட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

இவள் குனிந்து காலணிக் கயிற்றை வெகுநேரம் கட்டினாள். அன்று முட்டி வலியோடு இவளும் ஏறினாள், அண்ணி கயிறு பிடிக்க. பாதிக்கு மேல் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணியோடு மகளும் வந்தாள். வந்ததும் வராததுமாக அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லியிடம் நூறு கேள்வி கேட்டாள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட மனிதர் மட்டும் காரைவிட்டு இறங்கவேயில்லை. உயரம் என்றால் அவருக்கு நாற்காலிமேல் ஏறி பல்பு மாட்டக்கூடப் பயம் என்று அண்ணி சிரித்தாள்.

இவள் இரண்டு தம்ளரில் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தாள். கண்ணாடியருகே போனதும் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அண்ணியின் புருஷனை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல் வேறொருவருடையது. அவரும் புரிந்துகொண்டவர்போல் கண்ணாடியை இறக்கினார்.

"ஏங்க" என்றாள் கடைசியில். "இறங்கி வாங்க. யாரும் உங்களை ஏறச் சொல்ல மாட்டோம். தரையில நின்னு பார்க்கலாம்."

அவர் ஒரு காலைக் கீழே வைத்து, பாறையை அண்ணாந்து பார்த்தார். பிறகு இறங்கி வந்து தம்ளரை வாங்கிக்கொண்டார்.