தனிக் காரணம்

சின்னப்பொண்ணு அண்ணனின் கழுத்தில் துண்டைச் சுற்றினாள். கயிறு பதிந்த தடம் அப்படியும் காதோரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள்.

வேலூர் ஜெயிலில் விடியற்காலையில் தூக்கிலிட்ட கோதண்டத்தை வாலாஜாபாத் வழியாக வேனில் கொண்டுவந்திருந்தார்கள். வடக்குப்பட்டில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவன் வெட்டிக் கொன்றது அதே ஊர்க்காரனை, சின்னப்பொண்ணுவின் புருஷன் தணிகாசலத்தை. ஏரித் தண்ணீர் யார் முறை என்று வந்த சண்டை. மோட்டார் கொட்டகையில் படுத்துத் தூங்கியவன் எழுந்திருக்கவே இல்லை.

"தாலியறுத்தவனுக்கு நீ போய் தண்ணி ஊத்துறியேடி" என்றாள் அம்மா முனியம்மாள், சுவரைப் பார்த்தபடி.

"வேற ஆரும்மா கீறாங்க?"

செங்கல்பட்டு கோர்ட்டில் அரசாங்க வக்கீலே ஆயுள் தண்டனை போதும் என்றுதான் சொன்னார். சட்டம் மாறிவிட்டது, இப்போதெல்லாம் கொலைக்கு அதுதான் வழக்கம், அதைத் தாண்டித் தூக்கு கொடுப்பதானால் தனிக் காரணம் எழுத வேண்டும் என்றார். ஜட்ஜ் எழுதினார். தூங்குகிறவனை, அதுவும் உடன்பிறந்தவளின் புருஷனை வெட்டியிருக்கிறான். தங்கையின் வாழ்வைக்கூட எண்ணிப் பார்க்காதவனுக்கு ஆயுள் போதாது. அவர் வாசித்து முடித்ததும் கூண்டில் நின்ற கோதண்டம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐகோர்ட்டும் அதையே சரி என்றது. கருணை மனு தள்ளுபடியாயிற்று.

பாடை தயாராகிவிட்டது. அதைத் தூக்க, வேன் டிரைவரும் வெட்டியானும் சித்தப்பா மகன் கண்ணப்பனும்தான் இருந்தார்கள். இன்னொரு ஆள் வேண்டும். கண்ணப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தாண்டவராயன் வந்தார். தணிகாசலத்தின் அப்பா.

"இன்னா மாமா, பாக்க வந்தீங்களா?" என்றாள் சின்னப்பொண்ணு.

கிழவர் பிணத்தின் முகத்தையே பார்த்தார். "ஜட்ஜு தூக்குன்னு சொன்னப்போ எனக்கு சந்தோசமாத்தாம்மா இருந்துச்சு."

"இப்போ?"

தோள் துண்டை எடுத்து மடித்தார். மறுபடி தோளிலேயே வைத்துக்கொண்டார்.

"வெயில் ஏறுது. எம்மாம் நேரம் போட்டுக்கினு இருப்பீங்க?" என்றார் கண்ணப்பனிடம்.

குனிந்து பின்பக்கம் பிடித்தார். மற்றவர்கள் நல்ல உயரம். பாடை அவர் பக்கமாகச் சாய்ந்தது. கிழவர் இரண்டு கைகளாலும் மூங்கிலைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்தார்.