இரண்டு தட்டு

“மூவாயிரத்து இருநூறு. அதுக்கு மேல ஒத்தக் காசு கேட்டாலும் நான் எந்திரிச்சுப் போயிடுவேன் அண்ணி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கதவு நிலை வாங்க வந்திருந்த கதவுக்காரர் நாற்காலியில் முன்னைவிட நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவள் மேசையில் படிந்திருந்த மரத்தூளைப் புறங்கையால் ஒதுக்கியபடி, முதுகுக்குப் பின்னாலிருந்த பலகைச் சுவரின் பக்கம் காதை வைத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவர் படுத்திருந்தார். அவர் தட்டுவார். தட்டினால்தான் அவள் வாயைத் திறக்க முடியும்.

வெளியே மரம் அறுக்கும் வாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் ஆள் வந்து உட்கார்ந்தால் மிஷினை நிறுத்திவிட வேண்டும் என்பது எட்டு மாதமாக மில்லில் இருக்கும் சட்டம். ஆனால் கதவுக்காரர் உள்ளே நுழைந்தபோது பெரிய தடி ஒன்று பாதி அறுபட்டுக் கிடந்தது. நடுவில் நிறுத்தினால் மரம் வாளைக் கவ்விக்கொள்ளும், பிறகு ஆப்பு அடித்து எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். மிஷின்காரர் ஜன்னல் வழியாக ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிஷம்தானே என்று அவளும் தலையை ஆட்டிவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை பேரம் பேசுவதெல்லாம் அவர்தான். மில்லுக்குப் பின்னால் வீடு, அவள் உலகம் அதோடு சரி. மரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து மூஞ்சியைச் சுளிப்பவர்கள், கேட் வரை போய்த் திரும்பிப் பார்ப்பவர்கள், குறை சொல்வதற்கென்றே மச்சானைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் என்று எல்லா வகையையும் அவர் சமாளித்திருக்கிறார். அடுத்த மில்லில் இதைவிடக் குறைச்சல் என்று யாராவது சொன்னால், “அப்படியா, எனக்கும் ரெண்டு தடி சேர்த்து வாங்கிட்டு வாங்க” என்பார். வந்தவர் சிரித்துவிடுவார். சிரித்த பிறகு முறைத்துக்கொண்டு எழுந்து போவது யாருக்கும் கஷ்டம்தான்.

ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் கூடவே போனது. அவள்தான் ஆபீசில் வந்து உட்கார்ந்தாள். அந்த முதல் வாரத்தில் அவள் மரத்தை விற்றாள் என்று சொல்ல முடியாது. கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கண் கலங்கியவருக்கு வைரம் பாய்ந்த உத்தரத்தை விறகு விலைக்குக் கொடுத்தாள். அக்கா நல்லவங்க என்ற பேர் மளமளவென்று பரவியது. வியாபாரத்தில் அப்படி ஒரு பேர் வந்தால் சீக்கிரமே கடையை மூட வேண்டியதுதான்.

ஒருநாள் ஒருவருக்கு அப்படி வாரிக் கொடுக்கப் போகும்போது, பின்னால் சுவரில் மடேரென்று ஒரு சத்தம். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று பதறி ஓடினாள். அவர் விழவில்லை. இடது கையில் ஒரு மர வெட்டுத்துண்டு, முகமெல்லாம் கோபம், கண் ஆபீசைக் காட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தட்டு. ஒன்று என்றால் விடாதே. இரண்டு என்றால் கொடுத்துவிடு. மூன்று என்றால் நீ இங்கே வா. ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். அதுவரை அவள் பேசக் கூடாது.

கொஞ்ச நாளில் வருகிறவர்களுக்கும் இது பழகிவிட்டது. கதவுக்காரர் அவளுக்கு எதிரே, சுவரைப் பார்த்தாற்போல உட்காருபவர். இரண்டு தட்டு விழுந்தால் அவள் வாயெடுக்கும் முன்பே, “அண்ணனே சொல்லிட்டாரு” என்று மேசையில் ஓங்கி அடித்துவிடுவார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவரும் இந்த எட்டு மாதம் போல் பேசிக்கொண்டதில்லை. அவர் பேச்செல்லாம் வந்தவர்களிடமே செலவாகிவிடும், வீட்டுக்கு வரும்போது வாய் காலியாக இருக்கும். இப்போது ஒரு நாளைக்கு இருபது தடவை அவளிடம் மட்டும் பேசினார். சாப்பாடு ஊட்டும்போது, “இன்னைக்கு நான் சரியாப் பேசினேனா?” என்று கேட்பாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். சரி என்று ஒரு தலையாட்டல், அதைக்கூட எட்டு மாதமாக அவர் அவளுக்குத் தரவில்லை. அவளும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாள் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கதவுக்காரரின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது.

“எட்டு நிலை எடுக்குறேன் அண்ணி. ஒண்ணு ரெண்டு இல்ல. ஒரு நிலைக்கு மூவாயிரத்து ஐநூறு போட்டுக்கங்க.”

அவள் கேட்டது நாலாயிரம். சுவரில் சத்தம் இல்லை. யோசிக்கிறார். அவள் பேசாமல் இருந்தாள்.

கதவுக்காரர் தொண்டையைச் செருமினார். மரத்தில் ஓரமெல்லாம் வெள்ளை ஏறியிருக்கிறது என்றார். மழை வந்தால் உப்பிவிடும் என்றார். வீடு கட்டுகிறவர் தன் தலையை உருட்டிவிடுவார் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூவாயிரத்து எழுநூறு. என் வீட்டுல சத்தியமா இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க.”

சுவரில் சத்தம் இல்லை.

இவ்வளவு நேரம் அவர் யோசித்ததே இல்லை. பெரிய ஆர்டர் என்பதால் கதவுக்காரரை நன்றாக வாட்டி எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. வெளியே காட்டாமல் இரண்டு கையையும் மேசைமேல் கோத்து வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. கதவுக்காரர் எழுந்து கேட் வரை போனார், திரும்பிப் பார்த்தார், வந்து மறுபடி உட்கார்ந்தார்.

“என்ன அண்ணி, அண்ணனை மிஞ்சிடுவீங்க போல இருக்கே” என்றார் கடைசியில். “நாலாயிரமே போட்டுக்கங்க. ஏத்திட்டுப் போற வண்டிச் செலவாவது உங்களோடதா இருக்கட்டும்.”

அதற்கும் அவள் பேசவில்லை.

“சரி, வண்டியும் என்னோடது. போதுமா?”

கதவுக்காரர் முன்பணத்தை வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவள் எழுந்தாள். கேட்ட விலைக்கு ஒரு குறையும் இல்லாமல் அந்த மில்லில் எதுவும் விற்று அவள் பார்த்ததில்லை. கணவர் ஆபீசில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே கிடையாது. இன்றைக்குக் கண்ணை மூடிக்கொள்ள விடப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனாள்.

“நாலாயிரம். வண்டியும் அவரோடதுதான். இப்பவாவது சொல்லுங்க” என்றாள்.

அவர் முகம் சுவரின் பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடித்தான் இருந்தது. இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வெட்டுத்துண்டு கால்மிதியின் மேல் கிடந்தது. அதன்மேல் விழுந்ததால் சத்தமே வந்திருக்காது. அவள் அதைக் குனிந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். கை அதைப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தாள்.

மகள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். அதற்குள் வீடு நிறைய ஆள். மில்லில் கிடந்த பலகைகளையே இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தூங்குவது போலவே இருக்கிறார், ஒரு வலியும் தெரியாமல் போய்விட்டார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவள் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

“கடைசியா யாரும்மா பக்கத்துல இருந்தா?” என்று மகள் கேட்டாள்.

“நான் ஆபீஸ்ல இருந்தேன்.”

மகள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவர் உயிர் போய்க்கொண்டிருந்தபோது தான் கதவு நிலைக்கு விலை பேசிக்கொண்டிருந்ததையும், கையைக் கோத்துக்கொண்டு சிரிப்பை அடக்கியதையும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதைவிட ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. வாள் ஓடிய அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் தட்டினாரா? மூன்று தட்டு தட்டி, அவள் வருவாள் என்று பார்த்துக்கொண்டே கிடந்தாரா?

மிஷின்காரர் வீட்டுக்குள் வரவில்லை. வாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் வெளியே வந்தபோது கிட்டே வந்தார்.

“நடுவுல நிறுத்தினா மரம் கவ்விக்கும் தங்கச்சி. அதான்…”

“தெரியும்ணே. நாந்தானே தலையாட்டினேன்” என்றாள்.

“உனக்கு எதுவும் கேட்டுச்சாம்மா?”

“இல்லண்ணே. உங்களுக்கு?”

அவர் இரண்டு காதிலும் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக் காட்டினார். முப்பது வருஷமாக அவருக்கு அதுதான் காது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மகள் அறையைச் சுத்தம் செய்தாள். மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டாள். வெட்டுத்துண்டை விறகுக் குவியலில் எறிந்துவிட்டாள். பார்வைக்கு அது விறகுதானே, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மகள் குளிக்கப் போன நேரத்தில் அவள் அதைத் தேடி எடுத்துத் துடைத்து, பழையபடி கட்டிலில் சுவரோரமாக வைத்தாள்.

“மில்லைக் குடுத்துட்டு எங்கூட வந்துடும்மா. ஒத்தையா இங்க என்ன பண்ணுவ?”

“எட்டு நிலை அறுத்துக் குடுக்கணும். சொன்ன வாக்கு” என்றாள்.

ஐந்தாம் நாள் மகள் கிளம்பிப் போனாள். அன்று மத்தியானம் இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி சமைத்துவிட்டு, அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வாய் எடுத்து வைத்ததும் தட்டினாரோ என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இனி அந்த வீட்டில் எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்க வேண்டியதில்லை. அந்த நினைப்புதான் பயமாக இருந்தது. சாப்பிட முடியாமல் அழுதாள்.

மறுநாள் காலை ஆபீசைத் திறந்தாள். அந்த வாரக் கடைசியில், அறுத்து வைத்த நிலைகளை எடுத்துப்போகக் கதவுக்காரர் வண்டியோடு வந்தார். எட்டையும் ஏற்றி முடித்துவிட்டு, மிச்சப் பணத்தைக் குறைக்காமல் எண்ணி வைத்தார். எப்போதும் ஒரு வெட்டுத்துண்டாவது கொசுறு கேட்காமல் போகாத மனுஷன், அன்று ஒன்றும் கேட்காமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணி.”

“அன்னைக்கு வாள் ஓடிக்கிட்டு இருந்தப்ப, தட்டுற சத்தம் ஏதாவது உங்களுக்குக் கேட்டுச்சா? எனக்கு முதுகுப் பக்கம். நீங்க நேரா சுவரைப் பார்த்துதானே உக்காந்திருந்தீங்க?”

கதவுக்காரர் சுவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கைகள் மேசையில் கோத்திருந்தன.

“கேட்டுச்சு” என்றார்.

“எத்தனை?”

அவர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

“ரெண்டு.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“நல்லாக் கேட்டேன் அண்ணி. ரெண்டே ரெண்டு. அண்ணன் குடுத்துடச் சொன்னாரு. நாந்தான் உங்ககிட்ட சொல்லல.”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு தட்டு கேட்டிருந்தால் இந்த ஆள் சும்மா இருந்திருப்பாரா? அடுத்த நொடி மேசையில் அடித்து, அண்ணனே சொல்லிட்டாரு என்று குதித்திருப்பார். நாலாயிரத்துக்கு ஏறியிருக்கவே மாட்டார், வண்டிச் செலவையும் அவள் தலையில் கட்டியிருப்பார். பொய் சொல்லும்போதெல்லாம் அவர் கை மீசைக்குப் போகும் என்பதை எட்டு மாதமாக எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவர் சொன்ன எந்த விலையையும் அவள் ஒரே பேச்சில் ஏற்றுக்கொண்டதில்லை.

“சரி தம்பி” என்றாள். “ரெண்டுதானே.”

“ரெண்டுதான்.”

கதவுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ஜன்னல் சட்டம் ஆறு வேணும் அண்ணி. என்ன விலை சொல்றீங்க?”

“ஆயிரத்து நானூறு.”

“ஆயிரத்து நூறு” என்றார் அவர். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல, நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார்.

அவள் மேசைமேல் இருந்த தூளைப் புறங்கையால் ஒதுக்கினாள். அவள் தலை லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தது. கதவுக்காரர் அவளுக்குப் பின்னால் இருந்த பலகைச் சுவரைப் பார்த்தார். விலையை ஏற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. அவரும் காத்திருந்தார்.

ஜன்னலில் மிஷின்காரரின் தலை தெரிந்தது.

“பெரிய தடியை ஏத்தியாச்சு தங்கச்சி. மிஷினைப் போடட்டுமா?”

அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்கண்ணே” என்றாள்.